பிரிக்கக் கூடாத பொட்டலம்

திருவொற்றியூர்க் கடற்கரையில் பலகைத்தொட்டிக் குப்பம் என்று ஓர் ஊர். மீன் வாங்கக்கூட வெளியாள் எட்டிப் பார்க்காத அந்த ஊருக்குக் கொஞ்ச காலமாகத் தனியாக ஷேர் ஆட்டோ ஓடியது. தண்டையார்பேட்டையிலேயே "பூவாக்கு, பூவாக்கு" என்று கூவி ஆள் ஏற்றினார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அதற்குப் போட்டியாகக் குப்பத்தில் ஜனங்கள் வரிசை கட்டி நின்றார்கள். பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளை இருந்து அவதிப்படுகிறவர்கள், வேலை கிடைக்காதவர்கள், கிடைத்த வேலையை விடலாமா என்று யோசிக்கிறவர்கள். யோசிக்கிறவர்கள் என்று சொன்னது பிழை. யோசிக்கிற வேலையை அடுத்தவன் தலையில் கட்டிவிடத்தான் அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள்.

அந்த அடுத்தவனின் பெயர் பூவாக்குச் சாமி. பொதிகை மலைக் குகையில் தவம் இருந்தவர் என்று போஸ்டர் சொன்னது. கோபம் வந்தால் அவர் வாயில் வருகிற தமிழோ, சென்னை யானைக்கவுனியைத் தாண்டி அவர் எந்த மலைக்கும் போனதில்லை என்று சொன்னது. போஸ்டரைப் படிக்கக் கண்ணைத் திறந்த ஜனங்கள், காதைத் திறக்க மறந்துவிட்டார்கள்.

அவர் கடை விரித்த இடம் அலைகாத்த அம்மன் சன்னதி. சன்னதி என்றால் கோபுரம் எல்லாம் இல்லை. ஒரு பூவரச மரம், அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். பூசாரி கிடையாது. யாருக்குத் தோன்றுகிறதோ அவர்கள் விளக்கேற்றுவார்கள். சுற்றியுள்ள மணல் திடலில்தான் ஊரே வலை காய வைக்கும், கிழிந்ததைத் தைக்கும். புது வலை இறக்கும் நாளில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொதிந்து கல்லின் முன் வைத்து, ஒன்றை எடுத்துப் பார்ப்பது வழக்கம்; அதைப் பூவாக்கு என்பார்கள். வெள்ளை வந்தால் கடலுக்குப் போவார்கள். சிவப்பு வந்தால் நாளைக்குப் போவார்கள். அவ்வளவுதான். அதற்காக யாரும் அழுததுமில்லை, அம்மன் காசு கேட்டதுமில்லை.

பூவாக்குச் சாமி இந்த வழக்கத்தில் இரண்டு சின்னத் திருத்தம் செய்தார். முதலாவது, கேள்வியை முதலில் அவர் காதில் சொல்லிவிட வேண்டும். அவர் திரைக்குப் பின்னால் போய்த் தியானித்துவிட்டு, இரண்டு பொட்டலங்களோடு வருவார். இரண்டாவது, கேட்டவர் ஒரு பொட்டலத்தை எடுத்ததும் மற்றதைப் பிரிக்காமல் ஹோம குண்டத்தில் போட்டுவிடுவார். "எடுக்காத பொட்டலம் அம்மனின் ரகசியம். பிரிப்பவன் கண் அவிந்துபோகும்" என்று அறிவிப்புப் பலகையே வைத்திருந்தார். காணிக்கை கனமாக இருந்தவர்களுக்கு வெள்ளையாக வந்தது. இலேசாக இருந்தவர்களுக்குச் சிவப்பாக வந்தது, பரிகாரத்தோடு மறுபடி வரச் சொல்லியது. அம்மனுக்கு எடை போடத் தெரிந்திருந்தது.

பொன்ராஜ் அந்த ஊர்க்காரன். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தான். ஊர் நிர்வாகிகளில் ஒருவன். நல்லவன். நல்லவன் என்றால், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவன் என்று அந்த ஊர் அகராதியில் பொருள். பழைய இஞ்சின் ஒன்று விலைக்கு வந்தபோது வாங்கலாமா என்று பூவாக்குக் கேட்டான். கூடவே ஒரு பெரிய வஞ்சிர மீனையும் காணிக்கையாக வைத்தான். வெள்ளை வந்தது. வாங்கினான். படகில் பூட்டிக் கடலுக்குள் போனான். போனது இஞ்சினின் தயவில்; திரும்பி வந்தது பக்கத்துப் படகுக்காரனின் கயிற்றில்.

மறுநாள் சாமியிடம் போய் நின்றான்.

"சாமி, வெள்ளப் பூ வந்துச்சு, வாங்குனேன். ஓட மாட்டேங்குது சாமி."

"நீ என்ன கேட்டாய்?"

"இஞ்சின் வாங்கலாமான்னு."

"வாங்க முடிந்ததா, இல்லையா?"

"வாங்கிட்டேன் சாமி."

"வாக்கு பலித்துவிட்டது மகனே. ஓடுமா என்று நீ கேட்கவே இல்லையே."

பொன்ராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அம்மனைச் சந்தேகப்பட்ட பாவத்துக்கு இன்னொரு வஞ்சிரம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் முத்தம்மா இருந்தாள். அவன் மனைவி. காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்பவள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை.

"அந்த இன்னொரு பொட்டலத்துல இன்னா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"செவப்பு."

"பாத்தியா?"

"இதுல பாக்கறதுக்கு இன்னாமே கீது? ஒண்ணு வெள்ளன்னா இன்னொண்ணு செவப்பு."

"பாத்தியான்னு கேட்டேன்."

"அத்த நெருப்புல போட்டாச்சு. பிரிச்சா கண்ணு அவிஞ்சிடும்."

"நம்ம ஊர்ல ரெண்டு பொட்டலத்தையும் பிரிச்சி, ரெண்டு பூவையும் கடல்ல வுட்டுட்டுத்தான்யா வூட்டுக்கு வருவோம். இத்தினி வருஷத்துல எவன் கண்ணு அவிஞ்சுது?"

பொன்ராஜ் ஒரு பதில் கண்டுபிடித்தான். "அப்போ அம்மாவுக்கு சக்தி கம்மி. இப்போ சாமி வந்து ஏத்திகிறாரு."

"இன்னா ஏத்திகிறாரு, கரண்டு பில்லா?" என்றாள் முத்தம்மா. ஆனாலும் மாலையில் குளித்துவிட்டுப் போய்க் கல்லுக்கு முன்னால் எப்போதும்போல விளக்கை ஏற்றினாள். அவளுக்கும் அம்மனுக்கும் நடுவில் தகராறு ஏதும் இல்லை. நடுவில் வந்து உட்கார்ந்தவனோடுதான்.

இந்த இடத்தில் கவுன்சிலர் எத்திராஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊர்க்காரர்கள் அவரைப் 'பகுத்தறிவு எத்திராஜ்' என்பார்கள். மேடையேறினால், "கல் பேசுமா? பேசும் என்றால் என்னோடு பேசச் சொல்" என்று கர்ஜிப்பார். கைதட்டல் கூரையைத் தூக்கும். எவ்வளவு வெயில் அடித்தாலும் சட்டைக் கையை மட்டும் மடிக்க மாட்டார். மடித்தால் தாயத்து தெரியும். வேட்புமனுவை ராகுகாலம் கழிந்துதான் தாக்கல் செய்தார். நிருபர் கேட்டதற்கு டிராபிக் என்றார். கோயில் வாசலில் யாராவது பார்த்துவிட்டால், "சம்சாரத்த எறக்கி வுட வந்தேன்" என்பார். சம்சாரம் ஊரில் இல்லாத நாளிலும் அப்படித்தான் சொன்னார்.

எத்திராஜுக்கு அந்த வலைத் திடலின்மேல் வெகு நாளாக ஒரு கண். லாரிகளை நிறுத்த அங்கே ஒரு கன்டெய்னர் யார்டு போட்டால் பரம்பரைக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம். ஊர்க்காரர்களைக் கேட்டார்; வலையை உன் மண்டையிலா காய வைப்பது என்றார்கள். அதற்கு அடுத்த மாதம்தான் பூவாக்குச் சாமி குப்பத்துக்கு எழுந்தருளினார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் நிரம்பி வழிந்தபோது சாமி கண்ணை மூடி உடம்பை உதறினார். அம்மன் கனவில் வந்தாளாம். இந்த இடம் தனக்குச் சூடாக இருக்கிறதாம். கழிவுநீர் பம்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரு குளிர்ந்த மூலை இருக்கிறதாம், அங்கே குடியேற விரும்புகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் பூக் கேட்டு முடிவு செய்யலாம் என்றார்.

எத்திராஜ் மைக்கை வாங்கினார். "நான் பகுத்தறிவுவாதி. ஆனா மக்களோட நம்பிக்கைய மதிக்கத் தெரிஞ்சவன். ஞாயித்துக்கெழம அம்மன் இன்னா சொல்றாளோ, அதுக்கு நான் கட்டுப்படறேன். இன்னா சொன்னாலும் சரி." ஜனங்கள் நெகிழ்ந்துபோனார்கள். நாத்திகனையே பணிய வைத்துவிட்டாளே அம்மன் என்று குலவை போட்டார்கள். ஊர் சார்பில் பூக் கேட்கப் பொன்ராஜைத் தேர்ந்தெடுத்தார்கள். தலையாட்டுகிறவன்தானே அதற்குத் தோதான ஆள்.

பொன்ராஜுக்குப் பெருமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நெஞ்சில் முள். சனிக்கிழமை காலையில் தனியாகப் போய் அந்தக் குளிர்ந்த மூலையைப் பார்த்துவிட்டு வந்தான். சாக்கடை நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. ஒரு பன்றி அவனைப் பார்த்துவிட்டு நகராமல் படுத்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்து வடித்த சோற்றைத் தொடாமல் உட்கார்ந்தான்.

"இன்னாய்யா?" என்றாள் முத்தம்மா.

"அந்த எடம் ரொம்ப கலீஜா கீதுமே. அங்க போயி அம்மா எப்பிடி இருப்பா?"

முத்தம்மா அவன் எதிரில் உட்கார்ந்தாள். "ராஜாத்தியப் பாத்தேன்" என்றாள். ராஜாத்தி மார்க்கெட்டு வாசலில் பூ விற்பவள். சாமிக்குத் தினமும் பூ கொடுப்பவள். "நாளைக்கு சாமிக்கு வெள்ளப் பூ மட்டும் வோணுமாம். செவப்பு ஒரு இதழ்கூட வாணாம்னு சொல்லிட்டாராம்."

"செவப்பு நேத்து வாங்கனது மீந்து இருக்கும்."

"சரிய்யா, இருக்கட்டும். நான் ஒண்ணு சொல்றேன், கேளு. எப்பவும் நீங்க கேள்விய மின்னாடி சொல்றீங்கோ, அப்பால அவரு பொட்டலம் கட்டினு வராரு. நாளைக்கு பொட்டலம் தட்டுல வந்து உக்காந்தப்பறம், நீ வேற கேள்வி கேளு."

"இன்னா கேக்கறது?"

"உன் மனசுல இன்னா தோணுதோ, அத்தக் கேளு. அம்மா நெசமா பேசறான்னா எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லுவா. உனுக்கு நல்லதுதானே?"

பொன்ராஜ் யோசித்தான். பழக்கமில்லாத வேலை, முகம் வியர்த்தது. ஆனால் எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவள் சொன்னதில் பாவம் எதுவும் தட்டுப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திடலில் மணல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. பம்பை மேளம் முழங்கியது. பத்திருபது பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எத்திராஜ் பட்டு வேட்டியில் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் சம்சாரம், இன்றைக்கு நிஜமாகவே. கல்லைப் பெயர்க்கக் கடப்பாறையோடு நான்கு இளைஞர்கள் தயாராக நின்றார்கள். பூ வருவதற்கு முன்னாலேயே கடப்பாறை வந்துவிட்டதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சாமி திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். பித்தளைத் தட்டில் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள்.

"கேள் மகனே" என்றார்.

பொன்ராஜ் கல்லைப் பார்த்தான். புயல் அடித்த ஒரு நாளில் படகு கவிழ்ந்து, கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்தபோது இந்தக் கல்லைத்தான் நினைத்தான். கரை சேர்ந்து இந்த மணலில்தான் வாந்தி எடுத்தான். இதைப் பன்றிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க, தன் வாயாலேயே சம்மதம் கேட்பதா? சாமி சொல்லிக்கொடுத்த கேள்வி வாயில் வரவில்லை. வேறு ஒன்று வெளியே வந்தது.

"அம்மா. உனுக்கு இந்த எடம் சூடா கீதுன்னு சொல்றாங்கோ. போறதுன்னா நல்ல எடமா போம்மா. நம்ம எத்திராஜ் அண்ணன் புச்சா வூடு கட்டிகிறாரு. மார்பிள் போட்ட ஹாலு. ஏசி கீது. கிரகப்பிரவேசத்துக்கு நானே மீன் எடுத்துகினு போயி பாத்தேன். அந்த ஹால்ல குடி போறியாம்மா? வெள்ள வந்துச்சுன்னா இன்னிக்கே தூக்கினு போறோம்."

கிண்டல் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் மனதாரத்தான் கேட்டான். கேட்டுவிட்டுச் சட்டென்று ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டான்.

மேளம் நின்றது. சாமியின் விபூதியில் கோடு விழுந்தது, வியர்வைதான். "கேள்வி அதுவல்ல" என்றார்.

"இப்போ இதான் கேள்வி" என்று முன்வரிசைப் பெண்களுக்கு நடுவிலிருந்து முத்தம்மா சொன்னாள்.

"புதிய கேள்விக்குப் புதிய பொட்டலம் கட்ட வேண்டும் தாயே."

"ஏன் சாமி? பூவுக்கு கேள்வி மின்னாடியே தெரியணுமா? பரீட்ச எழுதப் போவுதா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "பிரி, பொன்ராஜு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பொன்ராஜ் பிரித்தான். வெள்ளை நந்தியாவட்டை.

குலவை கடலுக்கே கேட்டிருக்கும். எத்திராஜின் சம்சாரம் கண்ணில் நீர் வழிய எழுந்து, "அம்மா என் வூட்டுக்கு வராளா" என்று மண்ணில் விழுந்து கும்பிட்டாள். ஆளாளுக்குத் திட்டம் போட ஆரம்பித்தார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுவதைக் கார் நிறுத்துகிற இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். தீமிதிக்குத் தோட்டம் போதும், புல்லை எடுத்துவிட்டால் சரி என்றார் இன்னொருவர். ஊருக்குப் பொதுவான அம்மன், அதனால் ஹாலின் கதவை ராத்திரி பகல் பூட்டக் கூடாது என்று ஒரு பாட்டி தீர்ப்பே சொல்லிவிட்டாள். கடப்பாறைக்காரர்கள் கல்லை நோக்கி நகர்ந்தார்கள்.

எத்திராஜ் மைக்கிடம் ஓடினார். "தோழர்களே, இது மூடநம்பிக்கை. ஒரு பூ இன்னா சொல்லும்? கொஞ்சம் சிந்திக்கணும்."

"வெள்ளிக்கெழம இன்னா சொன்னாலும் கட்டுப்படறேன்னியே, தலிவரே" என்றார் ஒரு கிழவர்.

"இந்தப் பூவே ஃபிராடுய்யா. அந்த இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சிப் பாருங்கோ. அதுவும் வெள்ளதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.

முத்தம்மா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. "அதுவும் வெள்ளன்னு உனுக்கு எப்பிடி அண்ணே தெரியும்?"

சாமி தட்டோடு ஹோம குண்டத்தை நோக்கித் திரும்பினார். பொன்ராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். வலை இழுத்த கை; சாமியால் அசைக்க முடியவில்லை. மற்ற பொட்டலத்தை எடுத்தான். கண் அவிந்துவிடும் என்கிற பயம் இன்னும் போகவில்லை. போனால் ஒன்றே ஒன்று போகட்டும் என்று இடது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வலது கண்ணால் பார்த்தபடி நூலை அவிழ்த்தான்.

வெள்ளை நந்தியாவட்டை.

மெதுவாக இடது கண்ணைத் திறந்தான். அதிலும் வெள்ளையாகத்தான் தெரிந்தது.

பொதிகை மலை அத்தோடு முடிந்தது. "யோவ், நீ கட்டச் சொன்னதத்தானேய்யா கட்டுனேன்" என்று சாமி எத்திராஜைப் பார்த்துக் கத்தினார். "யார்டுல பங்கு தரேன்னு கூட்டினு வந்துட்டு, டைம் பாத்து கழட்டி வுடறியே மாமு. இன்னா ஆளுய்யா நீ."

அத்தனை செல்போனிலும் அது பதிவானது. பெண்கள் திரையைப் பிடுங்கிப் பார்த்தார்கள். பின்னால் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, கூடை நிறைய வெள்ளைப் பூ. சிவப்பில் இருந்தது சாமியின் துண்டு மட்டும்தான். அதையும் விட்டுவிட்டு அவர் ஓடிய ஓட்டத்தில், நிற்காத ஷேர் ஆட்டோவில் தொற்றி ஏறினார். அந்த டிரைவர் பாவம், பழக்கதோஷத்தில் "பூவாக்கு, பூவாக்கு" என்றே கூவிக்கொண்டு போனான்.

யார்டு பேச்சு அன்றோடு நின்றது. திடலை எவனுக்கும் எதற்கும் விடுவதில்லை என்று ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். ஆனால் எத்திராஜ் கெட்டுப்போய்விட்டார் என்று நினைக்காதீர்கள். மறுநாள் காலை திருவொற்றியூர்ச் சுவர் முழுக்க அவர் படம். 'போலிச் சாமியாரின் முகத்திரையைக் கிழித்தெறிந்த பகுத்தறிவுப் புயலே.' கிழித்ததற்குப் பாராட்டு விழா வேறு நடந்தது. நல்ல நேரம் பார்த்துத்தான் தொடங்கினார்கள்.

சாமி ஓடிய அன்று மாலை பொன்ராஜ் கல்லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முத்தம்மா திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அம்மா இத்தினி நாளா ஒண்ணுமே பேசலியாமே?" என்று கேட்டான். அவன் குரலில் ஏமாந்தவனின் கோபம் இல்லை. அநாதையின் சோகம் இருந்தது.

"அது எனுக்குத் தெரியாதுய்யா" என்றாள் அவள். "எத்திராஜ் ஹாலுக்கு அவ ஆசப்பட்ல, அது மட்டும் தெரியும்."

"இஞ்சினுக்கு இன்னா பண்றது?"

"மெக்கானிக்காண்ட காட்டு."

மறுநாள் காட்டினான். கார்புரேட்டரில் அடைப்பு என்றான் மெக்கானிக். பூ எதுவும் கேட்கவில்லை.

இதற்குள் எர்ணாவூரில் எலுமிச்சம்பழத்தைப் பேச வைக்கிற சாமி ஒருவர் வந்திருப்பதாகச் சேதி. ஷேர் ஆட்டோக்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. பலகைத்தொட்டிக் குப்பத்திலிருந்தும் கூட்டம் போகிறது. திரையைப் பிடுங்கிய அதே பெண்களில் சிலரும் போகிறார்கள். இவர் அந்த மாதிரி இல்லையாம். பழத்தைக் கேட்டால் பழமே பதில் சொல்கிறதாம்.

போங்கள். யார் வேண்டாம் என்றது? கும்பிடுவதற்குக் கை இரண்டும் வேண்டும், அதுவும் சரி. ஆனால் உள்ளே போகும்போது செருப்பைத்தான் வெளியே விடச் சொல்வது வழக்கம். தலையையும் கழற்றி அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லி எந்தச் சாமியும் கேட்டதில்லை. கேட்பவன் எவனோ, அவன்தான் ஆசாமி.